சாமி படத்துக்குக் கீழே ஜிப்சம்

அந்த வருடம், கடலைக்காய் திரட்சியாக விளையப் போடும் ஜிப்சம் மூட்டைகள் எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே அடுக்கிக் கிடந்தன. அப்பா லாரியில் வடக்கே போயிருந்தார். மேட்டுக்காட்டு வெள்ளாமையை முதன்முறையாக அம்மாவே பார்த்தாள். சரிப்பட்டு வராவிட்டால் அடுத்த வருடம் காட்டைப் பெரியப்பாவிடம் விட்டுவிடுவதென்று அப்பா சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் விதைக்கும்போதே ஜிப்சத்தையும் போட்டுவிடுவார்கள். அம்மா மட்டும் வானொலியில் கேட்டதை நம்பி, பூ வரட்டும் என்று நிறுத்திவைத்தாள். குழந்தைக்கு இருமல் மருந்து கொடுக்கக்கூட இரண்டு பேரைக் கேட்கும் எனக்கு, அதை நினைத்தால் இன்றும் பெருமைதான்.

பெரியப்பா வாசலில் நின்றே கேட்பார். "ஏனம்மிணி, மூட்டைக்குப் பூப் போட்டுக் கும்புடறியா? செடிக்கு எப்பத்தான் சோறு?"

"காய் புடிக்கறப்பத்தான் அதுக்குப் பசிங்களாம் மாமா."

"பசிக்குதுன்னு உங்கிட்ட வந்து சொல்லுமாக்கும்."

பூ வந்தது. மழை வரவில்லை. ஈரமில்லாமல் போட்டால் வீண். காயாக வேண்டிய விழுதுகள் பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிவிட்டாலோ, அப்புறம் ஜிப்சத்தை மண்ணோடு அணைக்கக் கொத்துப் படக்கூடாது. அம்மா தினமும் காட்டுக்குப் போய்ச் செடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

விழுதுகள் மண்ணைத் தொடும் நேரத்தில் ஒரு மதியம் நல்ல மழை. மறுநாள் நான் கூடையில் அள்ளிக் கொடுக்க, அம்மா செடியோரமாகத் தூவ, கூலிக்கு வந்த பெண்கள் பின்னாலேயே மண் அணைத்தார்கள். அதன்பின் ஆட்டுக்குட்டியைக்கூட அம்மா காட்டுக்குள் விடவில்லை.

கடலை பிடுங்கிய அன்று பெரியப்பா ஒரு செடியை உதறி, காய்களை நசுக்கிப் பார்த்தார். அவர் காட்டில் பருப்பில்லாத பொக்கே அதிகம். இங்கே பொக்கைத் தேட வேண்டியிருந்தது. பருப்பை மென்றுகொண்டே, "வர்ற வருசம் எப்பப் போடறதுன்னு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லம்மிணி" என்றார்.

"சொல்றேனுங்க மாமா" என்றாள் அம்மா, ஏதோ வழக்கமாகச் சொல்வதைப் போல.

அவர் போனதும் செடிக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நான் கொடுத்த சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். அப்படியும் தண்ணீர் பாதி சேலையில் சிந்தியது. விடிந்ததிலிருந்து செடி பிடுங்கிய அலுப்பு என்றுதான் அப்போது நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சொடக்கு எடுத்துவிட்டேன்.