இடது துடுப்பு

11-02-2022 — 6,000
02-09-2022 — 21,000
04-04-2023 — 3,500
மொத்தம் — 30,500

சாமான் வந்துவிடும் என்று கம்பெனி சொன்ன நாட்கள்: 15-10-2022, 20-03-2023, 30-11-2023, 29-02-2024.
மகளின் இறுதித் தேர்வு: 10-05-2024, காலை 10 மணி.

கிரேன்காரர் இருபத்தாறு வருடம் ஓர் இரும்புக் கிடங்கில் வேலை பார்த்தார். தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், ஒரு நோட்டுப் புத்தகம். தூக்கிய ஒவ்வொரு சுமைக்கும் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். காலி கட்டம் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. குறிப்பு எதுவும் இல்லாவிட்டாலும் "குறிப்பு இல்லை" என்று எழுதிவிட்டுத்தான் ஏணியில் இறங்குவார்.

அவருடைய வேலையில் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பியில் தொங்கும் சுமை ஆடத் தொடங்கினால் புதுக் கைகள் பயந்துபோய், சுமையைத் தாங்கி மேலே ஓடும் வண்டியை நிறுத்திவிடும். நிறுத்தினால் ஆட்டம் கூடும். ஆடுகிற பக்கமே வண்டியை ஒரு சாண் நகர்த்தி, சுமையைத் துரத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அது சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி நின்றுவிடும். இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாகக் கற்றுக்கொண்டது.

அந்தக் கைதான் போயிற்று. 2021 நவம்பரில் வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை குழி விழுந்தது. அடுத்த மாதம் ஏணியில் சாவிக்கொத்து நழுவியது. நரம்பு நோய் என்று மருத்துவர் சொன்னார். முதலில் கைகள், பிறகு பேச்சு, பிறகு மற்றவை. மருந்து உண்டா என்று மனைவி கேட்டாள். மருத்துவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து வேறோர் இடத்தில் வைத்தார்.

மகளுக்குச் சொல்லக் கூடாது என்று வீட்டுக்கு வருவதற்குள் முடிவாகிவிட்டது. அவள் ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் படிப்பில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை, அம்மாவுக்கு வயிற்றில் அறுவை நடந்தபோது, இதே படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவள். ஐந்து வருடம் மருந்துக் கடையில் நின்றுவிட்டு இரண்டாம் தடவை சேர்ந்திருந்தாள். வயது வரம்புக்குள் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கிளம்பும்போது ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுத்தான் போனாள்: "உங்க ரெண்டு பேர்ல யாருக்கு என்ன ஆனாலும் சொல்லணும். சொன்னா அடுத்த பஸ்ல வந்துடுவேன்."

வந்துவிடுவாள். அதுதான் பயம்.

அப்பாவும் மகளும் போனில் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", அதற்கு மேல் இருவருக்கும் நாக்கு புரளாது. தினமும் மாலை ஏழு மணிக்கு கம்ப்யூட்டரில் ஒரு படகு விளையாட்டு ஆடுவார்கள். ஒரே படகு. இடது துடுப்பு இங்கே அவர் கையில், வலது துடுப்பு அங்கே அவள் கையில். இருவரும் சேர்ந்து போட்டால் படகு நேராகப் போகும். ஒருவர் நிறுத்தினால் செக்கு மாடு மாதிரி சுற்றும். அந்த அரை மணி நேரம்தான் அவர்களுக்குப் பேச்சு, கடிதம், விசாரிப்பு எல்லாம்.

தலைப்பட்டை என்று ஒன்று இருப்பதைச் சொன்னவன் மனைவியின் தம்பி. செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். பேச்சு எந்த மரையிலும் உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று கிரேன்காரர்தான் அவனுக்கு ஸ்க்ரூ என்று பெயர் வைத்தார்.

"தலையில மாட்டிக்கணும் மாமா. அவ்வளவுதான். இடதுன்னு நினைச்சா இடது, வலதுன்னு நினைச்சா வலது. கையே வேண்டாம். விளையாடறதுக்குன்னே செஞ்சிருக்கான். எட்டு மாசத்துல வந்துடும்."

முன்பதிவுப் படிவத்தை அவர் தம் கையாலேயே நிரப்பினார். எழுத்து அப்போதே கொஞ்சம் கோணியிருந்தது. ஆனாலும் ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை.

கம்பெனி முதலில் அனுப்பியது ஒரு பயிற்சித் தாள். தினமும் இருபது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பந்து இடப்பக்கம் உருள்வதாக நினைக்க வேண்டும். சாமான் வருவதற்குள் மனம் பழகியிருக்கும். அவர் காலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பந்தை உருட்டத் தொடங்கினார். சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷின் ஓட்டும் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டே பார்த்தாள்.

"நினைக்கிறதுக்கு ஒரு பயிற்சியா? முப்பது வருஷமா நானும் 'இந்த மனுஷன் எழுந்து அந்தக் குழாயைச் சரிபண்ணணும்'னு நினைச்சிட்டுத்தான் இருக்கேன். உங்க கால் ஒரு தடவையாவது அசைஞ்சுதா?"

"உன் தலைல பட்டை இல்லையே."

அன்று இருவரும் சிரித்தார்கள். அக்டோபர் 15 வந்தது. சாமான் வரவில்லை. கடிதம் வந்தது: "தங்கள் பொறுமைக்கு நன்றி." மார்ச் வந்தது. இன்னொரு நன்றி வந்தது. ஏப்ரலில் கூடுதலாக 3,500 கட்டுகிறவர்களுக்கு முன்வரிசை என்றார்கள். கட்டினார். முன்வரிசையிலும் அதே நன்றிதான். போன் செய்தால் ஒரு பெண் குரல், அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடும். ஒருநாள் ஒரு மணி பத்து நிமிடம் பாட்டுக் கேட்டார். எழுதிய கடிதமெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

2023 டிசம்பரில் விற்பனைக் கடைக்கே போனார். இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர் மேசையைத் தட்டிச் சத்தம் போட்டார். இவரால் தட்டவும் முடியாது.

"விளையாட்டுச் சாமான்தானே சார்," என்றான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன், நல்ல பையன்தான், சிரித்த முகம். "இதுக்குப் போய் இந்த வயசுல இவ்வளவு அவசரப்படறீங்களே."

கிரேன்காரர் கைகளைப் பையிலிருந்து எடுக்காமலே திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

மகள் இரண்டரை வருடத்தில் ஒரே ஒருமுறைதான் வந்தாள், மூன்று நாள் விடுப்பில். கதவில் கை நசுங்கிவிட்டது என்று கட்டுப் போட்டுச் சமாளித்தார்கள். ஆனால் படகுக்கு எப்படிக் கட்டுப் போடுவது? 2024 ஜனவரியில் இடது கை, துடுப்பை ஆட்டும் ஜாய்ஸ்டிக்கின் மேலிருந்து தானாக வழுக்கி விழத் தொடங்கியது. படகு கரையில் இடித்தது. திரையின் ஓரத்தில் மகளின் எழுத்து ஓடியது: "என்னப்பா, துடுப்பு தூங்குதா?"

"ஜாய்ஸ்டிக் தேஞ்சு போச்சு. தலைப்பட்டை வரட்டும், காட்டறேன்," என்று மனைவி தட்டச்சு செய்தாள். அவர் சொல்லச் சொல்ல. சொல்லும்போது 'ர' சரியாக வரவில்லை. இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

பிப்ரவரி 29-ம் போனது. மார்ச் 3-ஆம் தேதி அவர் கை அசையவே இல்லை. ஸ்க்ரூ அவர் இடத்தில் உட்கார்ந்து ஆடினான். கடைக்காரப் பையன்களோடு ஆடிப் பழகியவன், துடுப்பைச் சடசடவென்று போட்டான். படகு வேகமாகத்தான் போயிற்று. நாலாவது நிமிடத்தில் மகள் தன் துடுப்பை நிறுத்திவிட்டாள்.

"யார் இது?"

"அப்பாதான்," என்று தட்டினான் ஸ்க்ரூ.

"பொய். அப்பா ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு அரைத் துடுப்பு போட்டு ஆட்டத்தைப் பிடிப்பார். அப்புறம்தான் திருப்புவார். அப்பாவுக்கு என்ன? நாளைக்கு ஏழு மணிக்கு அப்பா ஆடலைன்னா நான் கிளம்பி வரேன்."

ஸ்க்ரூ திரும்பி மாமாவைப் பார்த்தான். அந்த அரைத் துடுப்பை அவர் போடுவது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் ஸ்க்ரூ கடையைத் திறக்கவில்லை. கிரேன்காரர் அவனைத் தமக்கு எதிரே, திரைக்கு முதுகு காட்டி, ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்.

"திரையைப் பாக்காம எப்படி மாமா ஆடறது?"

"கிரேன்காரன் சுமையைப் பாக்கக் கூடாது. கீழே நிக்கிற சிக்னல்காரரைப் பாக்கணும். என் தாடையைப் பார்." ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்து இழுத்துச் சொன்னார். "தூக்கினா போடு. இறக்கினா நிறுத்து. பாதி ஆட்டினா பாதி."

காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறரை வரை நாற்பத்தொரு தடவை ஓட்டினார்கள். முதல் முப்பதும் கரையில் போய் இடித்தன.

"பாதின்னா பாதி! முழுசு இல்லை!"

"உங்க தாடைல அளவுகோலா இருக்கு? எது பாதி, எது முழுசுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்தாறு வருஷம் எனக்குத் தெரிஞ்சுதே!"

"உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க மாமா!"

ஏழு மணிக்குப் படகு திருப்பத்தில் பாதியாகத் தயங்கி, ஆட்டம் அடங்கி, வழுவழுவென்று திரும்பியது. மகள் எழுதினாள்: "அப்பா!"

மனைவி தட்டினாள்: "தலைப்பட்டை வந்துடுச்சு."

அதுதான் பெரிய பொய். சொல்லியாயிற்று, இனி இழுத்துக்கொண்டு போக வேண்டும். மகள் படம் கேட்டாள். மனைவி பழைய கறுப்புத் துணியில் ஒரு பட்டை தைத்தாள். ஸ்க்ரூ கடையிலிருந்து ஒரு சின்னப் பச்சை விளக்கைக் கொண்டுவந்து ஒட்டினான். மாட்டிவிட்டதும் அவள் சற்றுத் தள்ளி நின்று பார்த்து, "சுரங்கத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கு," என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். கண்ணாடியில் பார்த்த கிரேன்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆடுவதற்கு முன் தினமும் ஒரு படம் அனுப்பச் சொல்லிவிட்டாள் மகள். தினமும் மாட்டினார்கள். அதோடு காலையில் பந்து உருட்டுவதையும் அவர் நிறுத்தவில்லை. நிஜச் சாமான் ஒருநாள் வந்து இந்தப் பொய்யை மெய்யாக்கிவிடும் என்ற நம்பிக்கை. தேர்வுக்கு அறுபத்தேழு நாள் இருந்தது. அறுபத்தேழு நாள் தாடை மட்டும் தாங்கினால் போதும்.

மே 8-ஆம் தேதி கம்பெனியின் கடிதம் வந்தது. மனைவி வேலைக்குப் போகாமல் நின்று படித்தாள். தவிர்க்க முடியாத காரணங்களால் தயாரிப்பு கைவிடப்படுகிறது. பணம் எட்டு வாரத்தில் திரும்பும். இதுவரை காத்திருந்ததற்கு நன்றி. கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"'நகல்: இரண்டாம் தொடர்பாளருக்கு.' யாருங்க இரண்டாம் தொடர்பாளர்?"

அவருக்கு உடனே நினைவு வந்தது. படிவத்தில் பன்னிரண்டாவது கட்டம். கட்டாயம் இல்லை என்றுதான் போட்டிருந்தது. இரண்டேகால் வருடத்துக்கு முன், கோணல் எழுத்தில், மகளின் விடுதி முகவரியை, அறை எண் உட்பட, அவர்தான் நிரப்பியிருந்தார்.

"ஒரு கட்டம்," என்றாள் அவள். "உலகத்துல ஒரே ஒரு கட்டத்தைக் காலியா விடக் கூடாதா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

அன்று மாலை ஏழு மணிக்கு மகள் வழக்கம்போல ஆடினாள். கடிதம் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. "தபால்காரன் சோம்பேறியா இருக்கணும்," என்றான் ஸ்க்ரூ. "இன்னும் ஒரு நாள், மாமா. நாளன்னிக்குப் பத்து மணிக்கு அவ பரீட்சை ஹாலுக்குள்ள போயிட்டா, அப்புறம் கடிதம் வந்தா என்ன, கழுதை வந்தா என்ன?"

மே 9, மாலை ஏழு மணி. கறுப்புப் பட்டை மாட்டியாயிற்று, பச்சை விளக்கு எரிந்தது, ஸ்க்ரூ முக்காலியில் உட்கார்ந்து தாடையைப் பார்த்தான். கிரேன்காரர் தாடையைத் தூக்கினார். இடது துடுப்பு விழுந்தது. வலது துடுப்பு விழவில்லை. மறுபடி தூக்கினார். படகு சுற்றியது.

"நெட் போயிருக்கும்," என்றான் ஸ்க்ரூ, திரும்பாமலே.

ஏழு பன்னிரண்டுக்குக் கதவு தட்டப்பட்டது. மனைவி திறந்தாள். தோளில் பையோடு, கையில் கம்பெனிக் கடிதத்தின் நகலோடு மகள் நின்றாள். அவள் கண் முதலில் திரைக்குப் போயிற்று. படகு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு முக்காலியில் ஜாய்ஸ்டிக்கோடு இருந்த ஸ்க்ரூவுக்கு. பிறகு அப்பாவின் நெற்றிக்கு.

"இதுதான் அந்த மெஷினா?"

அவள் பட்டையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவின் தையல். விளக்கை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, "கையைக் குடுங்க," என்றாள். அவரால் கொடுக்க முடியவில்லை. அவளே மடியிலிருந்து எடுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பார்த்தாள். மற்றதையும் பார்த்தாள். மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று படிப்படியாக, ஆஸ்பத்திரியில் பார்க்கிற மாதிரி.

"எத்தனை நாளா?"

"நீ... போ," என்றார் அவர். "காலைல... பத்து மணி... பரீட்சை. போ."

"கடைசி பஸ் ஆறே முக்காலுக்குப் போயிடுச்சுப்பா."

அவருக்கும் அது தெரியும். பஸ் நேரங்களை எல்லாம் அவர்தான் ஒரு தாளில் எழுதி, போகும்போது அவள் பையில் வைத்திருந்தார். அந்த பஸ் போன பிறகு வந்து சேரும்படிதான் அவள் கிளம்பியிருக்கிறாள்.

"டாக்சி... ஸ்க்ரூ... டாக்சி!"

ஸ்க்ரூ எழுந்தான். மகள் அவனைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான். கிரேன்காரர் தாடையை மேலே தூக்கினார், மறுபடி தூக்கினார், போ, போ என்று. அந்த வீட்டில் அந்த சிக்னலை அன்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவள் அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பத்தேகால் ஆனதும் அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு சத்தத்தை மனைவி முப்பது வருடத்தில் கேட்டதில்லை.

பிறகு, நர்ஸ் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். அவர் சொல்ல மனைவி எழுதினாள். மூன்று நாள் ஆயிற்று, ஒரு பக்கக் கடிதத்துக்கு. குற்றம் என்னுடையது, பொய் சொன்னவன் நான், அவளுக்கு இன்னொரு முறை தேர்வு எழுத அனுமதி தர வேண்டும். மருத்துவரின் சான்று இணைத்துள்ளேன். கம்பெனியின் கடிதமும் இணைத்துள்ளேன்.

"கம்பெனி கடிதம் எதுக்குப்பா?" என்றாள் மகள்.

"நம்பணும்... இல்ல?"

இப்போது மாலை ஏழு மணிக்கு முக்காலியில் மகள் உட்காருகிறாள், இடது துடுப்போடு. வலது துடுப்பைக் கடையிலிருந்து ஸ்க்ரூ போடுகிறான். சொல்லித் தராமலே அவளுக்குப் பாதியும் முழுசும் தெரிகிறது. படகு ஒரு கரையிலும் இடிக்காமல் நேராகப் போகிறது. அதைப் பார்க்கும்போது கிரேன்காரர் சில நேரம் தாடையை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அவள் துடுப்பை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள்.

நர்ஸ் பள்ளியின் பதில் நான்கு வரி. தங்கள் கடிதம் கிடைத்தது. நிலைமைக்கு வருந்துகிறோம். அடுத்த தேர்வு 2025 மே மாதத்தில். அதற்குள் மாணவி வயது வரம்பைக் கடந்துவிடுவதால் அனுமதிக்க இயலாது.

வந்த தேதி: 03-06-2024.