ரோஸியை விழுங்கியவர்கள்

போன செவ்வாய்க்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தோல் டாக்டர் முன்னால் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்புக்கு டாட்டா காட்டிவிட்டு லோரி ஓட்டப் போனவன் நான். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியுமே!

விஷயம் இதுதான். என் வலது மணிக்கட்டுக்கு மேலே பச்சை குத்தியிருக்கிறது. 'ரோஸி'.

என் மனைவி பெயர் ஃபிலோமினா.

பத்தொன்பது வயதில் பண்டமாரானில் குத்திக்கொண்டது. புண் ஆறுவதற்குள் ரோஸி சிரம்பான்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பெயர் மட்டும் போகவில்லை. அன்றிலிருந்து வெளியே கிளம்பினால் முழுக்கை சட்டைதான். எங்கள் ஊர் கிள்ளான் வெயிலில்! ஃபிலோ அதைப் பார்த்திருக்கிறாள். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்...

அடுத்த மாதம் எங்களுக்கு வெள்ளி விழா. சர்ச்சில் ஃபாதர் முன்னால் வலது கையைப் பிடித்து மறுபடியும் வாக்குக் கொடுக்க வேண்டும். அவள் கைக்குப் பக்கத்தில் ரோஸியா? அதற்குள் அழித்துவிடலாம் என்றுதான், அவளிடம் சொல்லாமல் ரயில் ஏறினேன்.

"அங்கிள், மை தோல்ல சும்மா ஒட்டிக்கிட்டு இல்ல" என்றார் டாக்டர். என் மகள் வயது. "உள்ள போனதும் மேக்ரோஃபேஜ்னு ஒரு செல் வந்து அதை முழுங்கிடும். கண்டதையும் முழுங்குறதுதான் அதோட வேலை."

"என் மச்சான் மாதிரி."

சிரித்தார். "கிருமின்னா செரிச்சிடும். மையைச் செரிக்க முடியாது. அப்படியே வயித்துல வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கும்."

"செத்துப்போனா?"

"மை வெளியே கொட்டும். பக்கத்துல இருக்கிற இன்னொண்ணு முழுங்கிடும். எலும்பு மஜ்ஜையில பொறந்து, ரத்தத்துல வந்து சேர்ற புது ஆளுங்க. மேல்தோல்ல வேற ஒரு கூட்டம் இருக்கு. நீங்க உங்கம்மா வயித்துல இருக்கும்போதே வந்து குடியேறினது."

"அவங்க சொந்த வீடு, இவங்க வாடகையா?"

"கிட்டத்தட்ட! இன்னும் டென்ட்ரிடிக் செல்னு ஒண்ணு. கிளை கிளையா கையை நீட்டிக்கிட்டு இருக்கும். சந்தேகமா ஏதாவது மாட்டினா ஒரு துண்டை எடுத்துக்கிட்டு, அக்குள்ல நெறி கட்டும் பாருங்க, அங்க ஓடிப்போய் மத்த செல்லுங்ககிட்ட காட்டும்."

"போட்டுக் கொடுக்கிற பயலா! அப்ப ரோஸி விஷயம் அக்குள் வரைக்கும் தெரியுமா டாக்டர்?"

"மை கொஞ்சம் அங்கேயும் போயிருக்கும் அங்கிள்."

(இந்தப் பெயர்களை எல்லாம் சரியாக எழுதிக் கொடுத்தது பத்திரிகை எடிட்டர். நான் சொன்னதைக் கேட்டிருந்தால் டாக்டர் ஊரை விட்டே ஓடியிருப்பார்.)

லேசர் அடித்தால் மை உடையும், செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்துகொண்டு போகும், ஆனால் மாதக்கணக்கில் ஆகுமாம். அதோடு என் சீனி அளவைப் பார்த்து முகம் சுளித்தார். "முதல்ல இனிப்பு நீர் குறையட்டும். இல்லேன்னா லேசர் புண் ஆறாது."

வெள்ளி விழாவுக்கு ரோஸியும் வரப்போகிறாள்!

திரும்பும் ரயிலில் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எத்தனை பேருக்குக் குத்திய ஊசியோ... என்னென்ன அழுக்கு உள்ளே போயிருக்கும்? சம்பளம் கேட்காமல் அதைத் தின்று தீர்த்தது இந்தக் கூட்டம்தானே. தீர்க்க முடியாத என் மடத்தனத்தையும், ஒன்று செத்தால் இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்கிறது. ரோஸி யாரென்றே தெரியாமல்! ரயில் என்றும் பார்க்காமல் முன்கைக்கு ஒரு கும்பிடு போட்டேன். எதிரே இருந்த ஆன்டி இடம் மாறி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து ஃபிலோவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அழிக்கத்தான் போனேன். முடியல."

எழுந்து உள்ளே போனாள். ஒரு பையோடு வந்தாள். பூப்போட்ட புது பாத்தேக் சட்டை. அரைக்கை!

"வெள்ளி விழாவுக்கு இதைப் போடுங்க."

"கை தெரியுமே லா!"

"தெரியட்டுமே. உங்க முழுக்கை சட்டையை இருபத்தஞ்சு வருஷமா அயர்ன் பண்ணி என் கைதான் ஓய்ஞ்சுபோச்சு."

டாக்டரிடம் ஒன்று கேட்க மறந்துவிட்டேன் - செரிக்க முடியாததை இத்தனை வருஷம் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டிருக்கும் அந்தச் செல்கள்... எல்லாம் பொம்பளைங்களா?