வைசன் கச்சாலே துறக்க வேண்டிய நாடு

இல்லாத ஒன்றை ஒரு மனிதன் எப்படித் துறப்பான்? வைசன் கச்சாலே இந்தக் கேள்வியோடு மாதக்கணக்கில் வரிசையில் நின்றார், வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு. ஹராரேயில் எம்பாரே சந்தைக்குப் பின்னால் பழைய சோபாக்களுக்குப் புது உறை தைத்து ஆணியடிக்கிறவர் அவர். கடையை விட்டு வந்தாலும் ஆணி வாயை விட்டு வராது.

அவர் அப்பா மலாவியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அன்று இரண்டு மண்ணையும் ஆண்டது ஒரே வெள்ளை ராஜ்யம். ஆள் பிடித்து லாரியில் ஏற்றியதும் அதுதான். ராஜ்யம் போயிற்று. சொந்த சர்க்கார் வந்து, இரட்டைக் குடியுரிமை துரோகம் என்று கண்டுபிடித்தது. பெற்றோரில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்திருந்தால், அந்த நாட்டைத் துறந்ததற்குச் சான்று தர வேண்டும், இல்லாவிட்டால் அந்நியன். வெள்ளையரைக் குறிவைத்த சட்டம் என்றார்கள். வெள்ளையருக்கு வக்கீல்கள் இருந்தார்கள். மாட்டியது சோபா தைப்பவர்.

மலாவித் தூதரகத்துக்குப் போனார். "உங்க பேரே எங்ககிட்ட இல்லையே, பெரியவரே. எதைத் துறப்பீங்க?" என்றார்கள்.

இங்கே, பதிவு அலுவலக ஜன்னலுக்குள் இருந்தவன் ஓனியாஸ் மபோசா, பக்கத்துத் தெருப் பையன்.

"மாமா, நீங்க அந்த நாட்டை விட்டுட்டதா அவங்க எழுதிக் குடுக்கணும்."

"நான் எப்படா அதைப் புடிச்சேன், விடறதுக்கு?"

"சட்டம் அப்படி. நான் என்ன செய்ய?"

"உங்கம்மா முதுகுல இருந்துக்கிட்டே என் சட்டையில மூத்திரம் பேஞ்சவன் நீ. அதுக்கும் சான்று வேணுமா?"

வரிசை சிரித்தது. ஓனியாஸ் முத்திரையைக் குத்தினான்: அந்நியன். பிறந்த ஊரில் கச்சாலேக்கு வாக்குரிமை இல்லாமல் போயிற்று.

கச்சாலே, மபோசா வீட்டின் சஹ்விரா. அப்பாக்கள் காலத்தில் தொடங்கிய தோழமை. அந்த வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்டுவதும், இறந்தவரின் உடுப்பை மாட்டிக்கொண்டு அவரைப் போல நடந்து காட்டுவதும், அழுகிறவர்களை ஒருவர் விடாமல் நக்கலடிப்பதும் சஹ்விராவின் உரிமை. வீட்டார் கோபிக்கக் கூடாது. வெளியாருக்கு நக்கல் கிடையாது, மரியாதைதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஓனியாஸின் அப்பா இறந்தார். கச்சாலே வரமாட்டார் என்றது சந்தை. வந்தார். குழி வெட்டினார். கிழவரின் கோட்டுக்குள் புகுந்து, அவரைப் போலவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருமினார். விதவையிடம், "ஏய், வேகாத களியைப் போட்டே என்னைக் கொன்னுட்டு, இப்ப என்ன அழுகை?" என்றார். மூத்த மருமகளிடம், "மெதுவா அழு தாயி, பவுடர் கரையுது" என்றார். அழுதபடியே சிரித்தார்கள்.

ஓனியாஸ் தலையைக் குனிந்து தன் முறைக்குக் காத்திருந்தான். எவ்வளவு கேவலமான வசவானாலும் வாங்கிக்கொள்ளும் முகம்.

கச்சாலே அவன் முன்னால் நின்றார். கிழவரின் தொப்பியைத் தலையிலிருந்து எடுத்தார். "அப்பா காலமானதுக்கு ரொம்ப வருத்தம், சார்" என்றார்.

ஏன் என்று இன்றுவரை அவர் எவரிடமும் சொன்னதில்லை. தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு, அடுத்து நின்ற தம்பிக்காரனின் காதைப் பிடித்துத் திருகினார்.