ஏரலில் விழுந்த சிரிப்பு

பாளையங்கோட்டையில நான் பள்ளிக்கூட வாத்தியார். கோயில் கொடை வந்துட்டா பட்டிமன்றப் பேச்சாளர். பொண்டாட்டி வைக்கிற சாம்பாரைக் கேலிக்கு இழுத்தா சனம் சிரிக்கும்; பதினைஞ்சு வருசமா அந்தச் சாம்பாரை வச்சுத்தான் மேடையில காலம் தள்ளுதேன். மறுநாள், செல்போன்ல பதிவு பண்ணினதைப் போட்டுக் கேட்டு, சிரிப்புக்கு ஒரு கோடுன்னு நோட்டுல போடுவேன். அடுக்களையில அவ பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பா.

போன வருசம் எங்க குழுவுக்கு ஒருத்தன் வந்து சேர்ந்தான். சாத்தான்குளத்துக்காரன், பஸ் கண்டக்டர். பெரிய படிப்பும் இல்ல, குரலும் இல்ல. மூணாவது கூட்டத்துலயே என்னைவிட அவனுக்குக் கைதட்டு கூட. எனக்கு வயிறு எரிஞ்சுது, அதை மறைச்சு என்ன ஆவப்போவுது? அவனுக்கு விழுந்த சிரிப்புக்கும் தனிப்பக்கம் ஒதுக்கிக் கோடு போட்டேன்.

ஏரல்ல நடந்த கூட்டத்துக்கு என் மனைவி வந்தா. அவ அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரு. ரெண்டு பேரும் முதல் வரிசையில உக்காந்தாங்க. நான் வழக்கம்போலச் சாம்பாரை எடுத்துவிட்டேன். ஊரே சிரிச்சுது. பக்கத்துப் பொம்பளைங்க அவளைத் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. அவ முந்தானையைச் சரிபண்ணிக்கிட்டுக் குனிஞ்சுகிட்டா.

அடுத்து அவன். பொண்ணு பாக்கப் போன இடத்துல, பலகாரத் தட்டை நீட்டின பொண்ணுகிட்ட, பழக்கதோசத்துல "எங்கன இறங்கணும்?"னு கேட்டுட்டானாம். "உங்க வீட்டுல"ன்னுச்சாம் அது. அன்னைக்குக் குனிஞ்ச தன் தலை இன்னும் நிமிரலன்னான்.

என் மனைவி சிரிச்சா. அக்கா தோள்ல சாஞ்சு, கண்ணுல தண்ணி வரச் சிரிச்சா. கல்யாணம் ஆன நாள்லேருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததே இல்ல. மேடையில எல்லார்கூடவும் சேர்ந்து நானும் பல்லைக் காட்டினேன்.

திரும்புற பஸ்ல, அவன்கிட்ட அப்படி என்னத்தைக் கண்ட நீன்னு கேட்டேன். அவ பையச் சொன்னா:

"அவரு தன்னைச் சொல்லிச் சிரிக்க வைக்காரு. நீங்க என்னையல்லா சொல்லுதீங்க."

ஊருக்கே பிடிச்சது உனக்கு மட்டும் கசக்கோன்னு எரிஞ்சு விழுந்தேன். அவ சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அடுத்த பட்டிமன்றம் நாங்குநேரியில, காலையில ஒரு பள்ளிக்கூட விழா. சாம்பாரை விட்டுட்டேன். அடுத்தவனுக்கு விழுற சிரிப்பை நோட்டுல கோடு போட்டு எண்ணுற ஒரு வாத்தியார் கதையைச் சொன்னேன். அந்த வாத்தியார் நான்தான்னும் சொன்னேன். நடுவர் மணியடிச்சும் சிரிப்பு அடங்கல. எல்லாரையும்விட அதிகமாச் சிரிச்சவன் அந்தக் கண்டக்டர்தான். அதுவும் எனக்குப் பொறுக்கல.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடியாந்து, இன்னைக்கு ஒரே சிரிப்புன்னு அவகிட்ட சொன்னேன். இலையைப் போட்டுக்கிட்டே கேட்டா:

"என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

ஒண்ணுமே சொல்லலன்னேன். அவ நம்பல. சோத்துல சாம்பாரை ஊத்திட்டு, முதல் வாய் வைக்குற என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா.