ரதிசாவ் டீ குடிக்கிறாராம்

மூன்றாம் மாடி ரதிசாவ் டீ குடிக்கிறார் என்ற செய்தி ரொட்டிக்கடை வழியாக எங்கள் குடியிருப்புக்கு வந்தது. ரொட்டிக்கடைக்காரிக்குச் சொன்னவர் தபால்காரர். கதவு திறந்தபோது கெமோமில் பூ வாசனை அடித்ததாம்.

"காய்ச்சலா இருக்கும்," என்றேன்.

"ஒரு மாசமாவா?" கீழ்வீட்டு ஸ்லாவ்கா மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "பாவம் மனுஷன்."

எங்கள் நிஷ் நகரத்தில் காபி என்றால் உயிர், பழச்சாராயமான ராக்கியா என்றால் மருந்து, டீ என்றால் ஆஸ்பத்திரி. மூலிகையைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறவனிடம் "எங்க வலிக்குது?" என்றுதான் கேட்பார்கள். ரதிசாவோ ஓய்வு பெறும்வரை ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் காபி என்று பஸ் ஓட்டியவர். அவர் டீக்கு இறங்கிவிட்டார் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஸ்லாவ்கா கோழி சூப் கொண்டுபோனாள். சும்மா இருக்க முடியாமல் நானும் பிறந்த ஊர்ப் பழக்கத்தில் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். நண்பர் ஷிவ்கோ டாமினோ ஆட்டத்தில் அவரை வேண்டுமென்றே ஜெயிக்கவிட்டார்.

"பாத்தியாடா கிழவா! கெமோமில் மூளையைத் தீட்டுது," என்றார் ரதிசாவ்.

"தீட்டட்டும், தீட்டட்டும்," என்று சொல்லிவிட்டு ஷிவ்கோ மூக்கைச் சிந்தினார்.

உண்மையில் அவருக்கு இருந்த ஒரே உபாதையின் பெயர் தெசாங்கா. கோட்டைச் சந்தையில் மூலிகை விற்கிற கைம்பெண். மனைவியை இழந்த ரதிசாவுக்கு ஓர் ஆசை. டிசம்பரில் தன் குடும்பத்தின் காவல் புனிதருக்கு வீட்டில் எடுக்கும் திருநாளுக்கு அவளை அழைத்து, விருந்தாளிகளை வரவேற்கத் தன் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அப்படி நின்றுவிட்டால் ஊருக்கு வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் கடையில் நின்று பேச ஏதாவது வாங்க வேண்டுமே. முதலில் நரம்புக்கு கெமோமில். அடுத்து இருமலுக்கு லிண்டன் பூ. பிறகு சிறுநீரகத்துக்கு ஓர் இலை, ஈரலுக்கு ஒரு வேர். வாங்கியதை எறிய மனம் வராமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு, ராக்கியா கலந்து குடித்தார். ஒரு சாயங்காலம் லிண்டன் பூவில் தேன் விட்டவர் ராக்கியா விட மறந்துபோனார். அது மறுநாள்தான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து ருசி பிடித்துக்கொண்டது.

வாங்காத மூலிகை என்று கடையில் ஒன்றே ஒன்று மிஞ்சியபோது அதையும் கேட்டார்.

"இது யாருக்கு?" என்றாள் தெசாங்கா.

"எனக்குத்தான்."

"மாதவிடாய் நிக்கிற வயசுல பொம்பளைங்க குடிக்கிறது இது."

"பரவால்ல, கொடுங்க. அப்புறம்... எங்க வீட்டுத் திருநாளுக்கு நீங்க வரணும். விருந்தாளியா இல்ல. வீட்டுக்காரியா."

தெசாங்கா பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு வித்ததையெல்லாம் கூட்டிப் பாத்துட்டேன் ரதிசாவ். நரம்பு, நெஞ்சு, சிறுநீரகம், ஈரல் எல்லாம் போச்சு. இப்ப தலையும் போயிடுச்சு. என் வீட்டுக்காரருக்குக் கடைசி வரைக்கும் பணிவிடை செஞ்சவ நான். இன்னொரு படுக்கைக்குப் பக்கத்துல உக்கார எனக்குத் தெம்பில்ல. மன்னிச்சுக்கங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவர்கள் முன்னால் உண்மையைச் சொல்ல வாய் வராமல், ரதிசாவ் காசை வைத்துவிட்டு, பொட்டலத்தோடு வீடு திரும்பினார். சூப் கிண்ணத்தை வாங்க வந்த ஸ்லாவ்கா, டாமினோ ஆட வந்த ஷிவ்கோ, காபியோடு எட்டிப்பார்த்த நான் மூவரும் இருக்கும்போதே எல்லாவற்றையும் கொட்டினார்.

"அப்ப நீ சாகலையா?" என்றார் ஷிவ்கோ.

"எதுக்குடா சாகணும்?"

"அடப்பாவி! அத்தனை ஆட்டத்தையும் உனக்கு விட்டுக்கொடுத்தேனே!"

"என் கோழியும் போச்சு," என்றாள் ஸ்லாவ்கா. "அந்தப் பொம்பளைகிட்ட இதை இப்பவே சொல்லுங்கண்ணே. உடம்புக்கு ஒண்ணுமில்ல, உன்னைப் பாக்கத்தான் வந்தேன்னு."

தெசாங்காவின் கடைப் பொட்டலத்திலேயே போன் நம்பர் அச்சடித்திருந்தது. ரதிசாவ் எண்களை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, மேஜைமேல் வைத்தார். மணி அடித்தது. பதற்றத்தில் அவருக்குத் தொண்டை கரகரத்தது.

"இருமித் தொலைக்காதே!" என்று ஷிவ்கோ பல்லைக் கடித்தார்.

ரதிசாவின் கை தானாக லிண்டன் டீக் கோப்பைக்குப் போனது. ஸ்லாவ்கா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, என்னுடைய காபியை அவர் முன்னால் தள்ளினாள். அவர் ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.