மேல் வீட்டுக்காரி

துஷாந்தினி மெஸ்கால் குடிப்பாள் என்பது பக்கத்து நகரமான லவாலில் இருக்கிற அவளுடைய தமக்கை கௌசிக்குத் தெரியாது. கௌசிக்குத் தெரிந்தால் மட்டக்களப்பு வரைக்கும் தெரிந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தமக்கை அழைத்தால், "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன் அக்கா, பேந்து எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாள். அது பொய்யில்லை. வீட்டுக்குக் கீழேயே இருந்த எலோயிசாவின் உணவுக்கடையில், யன்னலோர மேசையில், சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

மொன்ட்ரியாலில் அவள் வேலை, சக்கர நாற்காலிக்காரர்களை ஏற்றி இறக்கும் சின்ன பஸ் ஓடுவது. பனியிலும் மழையிலும் ஆட்களை வீட்டு வாசலில் எடுத்து ஆஸ்பத்திரி வாசலில் விடுவாள். புருசன் டொரொண்டோவில் இன்னொரு குடும்பம் வைத்த பிறகு, மகள் லக்சனாவோடு இந்த மேல்வீட்டுக்கு வந்தாள். வந்த முதல் கிழமை கீழேயிருந்து மிளகாய் கருகும் வாசம் ஏறி வந்தது. எங்கட ஆக்கள் ஆரோ என்று இறங்கிப் போய்ப் பார்த்தால், மெக்சிக்கோவின் ஒஹாக்காப் பக்கத்துப் பெண் ஒருத்தி, மிளகாயைக் கரியாகும்வரை வறுத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கறுத்தக் குழம்பைக் கோழி மேல் ஊற்றி எலோயிசா நீட்டியபோது துஷாந்தினிக்குக் கண் கலங்கியது. உறைப்பால்தான் என்று சமாளித்தாள். மண் கிண்ணத்தில் மெஸ்காலும் வந்தது. கற்றாழை மாதிரி ஒரு செடியின் அடித்தண்டைக் குழியில் சுட்டு வடிக்கிற சாராயம். புகை மணக்கும். "மடக்கென்று விடாதே, உதட்டில் படவிடு" என்று எலோயிசா உடைந்த பிரெஞ்சில் சொல்லிக்கொடுத்தாள். இவளுடைய பிரெஞ்சும் உடைந்ததுதான். இரண்டு பேருக்கும் அது போதுமாயிருந்தது.

நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்த இரண்டு பெடியன்கள் வந்தார்கள்.

நல்ல உடுப்பு, நல்ல சப்பாத்து. "போன்ஜூர்" சொல்லித்தான் உள்ளே வந்தார்கள். எலோயிசா தண்ணீரும் பொரித்த சோளத் துண்டுகளும் கொண்டுபோய் வைத்தாள். அவர்கள் தொடவில்லை. ஒருவன் எழுந்து மெஸ்கால் போத்தல் அடுக்கைப் படம் எடுத்தான். பிறகு கதவை, பின்வழியை, யன்னலுக்கு வெளியே மேலே ஏறுகிற இரும்புப் படியை. புருவத்தில் வெட்டுத் தழும்பு உள்ள மற்றவன் பிரெஞ்சில் கேட்டான்: "மேலே யார் இருக்கிறார்கள்?"

எலோயிசாவின் கண் துஷாந்தினியிடம் போய் உடனே திரும்பியது.

"ஒருவரும் இல்லை. காலி வீடு."

துஷாந்தினி கரண்டியை வைத்துவிட்டாள். தன் வீட்டைத்தான் எலோயிசா காலி என்கிறாள். எதிரில் இருந்த லக்சனா ஒன்றும் கவனிக்காமல் பிரெஞ்சில் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தழும்புக்காரன் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி வெளியே போனான். போகும்போது தமிழில் மெல்லச் சொன்னான்: "பொய் சொல்லுறா அண்ணை. மேல ஆக்கள் இருக்கினம். யன்னல்ல உடுப்புக் காயுது."

பயத்தைவிட, அது தன் மொழியில் வந்ததுதான் துஷாந்தினியை உலுப்பியது.

லக்சனாவை மேலே அனுப்பிவிட்டு எலோயிசாவிடம் கேட்டாள். எலோயிசா மேசையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். "பாதுகாப்பு விற்கிறார்களாம். மாதா மாதம் கொடுத்தால் கடைக்கு ஒன்றும் ஆகாதாம். அடுத்த தெருப் பீட்சாக் கடைக்காரர் மாட்டேன் என்றார். பார்த்தாய்தானே."

பார்த்திருந்தாள். கருகின சுவரும் பலகை அடித்த யன்னலும்.

"பொலிசுக்குச் சொல்லுவம்."

"என் தம்பி சொன்னான், எங்கள் ஊரில்" என்றாள் எலோயிசா. "அவனை அடக்கம் செய்யக்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை."

துஷாந்தினியின் தகப்பனும் அப்படித்தான். ஊரில் வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு ஒரு தகவலும் இல்லை. அதை அவள் எலோயிசாவுக்குச் சொல்லவில்லை. எலோயிசா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கிண்ணம் மெஸ்காலை அவள் பக்கம் தள்ளினாள்.

டிசம்பரில் ஒரு காலை வேலைக்கு இறங்கியபோது, இரும்புப் படியின் கடைசித் தட்டில் சிவப்பு பெற்றோல் கலன் ஒன்று இருந்தது. புதுசு. வெறுமை. இரவெல்லாம் பனி கொட்டியும் அதன் மேல் ஒரு பொட்டுப் பனி இல்லை. இப்போதுதான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று பின்னேரமே லக்சனாவை லவாலுக்கு அனுப்பினாள். "வீட்டுத் தண்ணிக் குழாய் உடைஞ்சுபோச்சு" என்று தமக்கைக்குச் சொன்னாள். கௌசி நம்பினாள். லக்சனா நம்பவில்லை, ஆனாலும் போனாள். துஷாந்தினியும் போயிருக்கலாம். ஆனால் வீடு உண்மையிலேயே காலியானால் அவர்களுக்குச் சுலபமாகிவிடும் என்று ஏனோ தோன்றியது. அன்றிலிருந்து வேலை முடிந்து வந்தால் எல்லா விளக்கையும் போட்டுவிடுவாள்.

தை மாதம் வேறொரு சாரதி சுகமில்லாமல் நிற்க, மொன்ட்ரியால்-நோர் பக்கத்து ஓட்டம் அவளுக்கு வந்தது. கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸுக்குப் போகிற யோகராணி என்ற அம்மா. பழைய அடுக்குமாடி. கதவு திறந்தது. மகன் நாற்காலியைப் பின்பக்கமாக இறக்கிக்கொண்டு வந்தான்.

"அம்மா, கையுறை போட்டனீங்களோ? சால்வையை இழுத்து விடுங்கோ."

நிமிர்ந்தான். புருவத்தில் தழும்பு.

அவனும் தன்னை அடையாளம் கண்டது துஷாந்தினிக்குத் தெரிந்தது. பிறகு அவள், "விடுங்கோ தம்பி, நான் பிடிக்கிறன்" என்று கைப்பிடியை வாங்கினாள். தமிழ் கேட்டதும் அவன் முகம் வெளிறியது.

பஸ்ஸில் யோகராணி வாயோயாமல் கதைத்தார். தமிழ்ச் சாரதி கிடைத்த சந்தோசப் புளுகம். "என்ர மகன் நிதுசன். கண்டனீதானே? செக்யூரிட்டி வேலை பிள்ளை. கடையளைப் பாதுகாக்கிறவன். அவன் இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன்."

"ஓம் அம்மா" என்றாள் துஷாந்தினி.

சில கிழமைகள் அவன் ஒன்றும் கதைக்கவில்லை. தாயை ஏற்றிவிட்டு, பட்டியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவான். பெப்ரவரியில் ஒரு நாள் சாரதி யன்னலைத் தட்டினான்.

"அக்கா, நீங்கள் அந்தக் கடைக்கு மேலதானே?"

"ஓம். நானும் என்ர பிள்ளையும்." லக்சனா அங்கே இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

அவன் தெருவைப் பார்த்தான். "இந்தக் கிழமை அங்க நிக்காதேங்கோ."

"ஏன் தம்பி?"

"அம்மாவை வடிவாப் பாக்கிறியள். அதால சொல்லுறன். என்னால வேற ஒண்டும் ஏலாது."

"என்னடா, அக்காவோட ரகசியம்?" என்று பின்னாலிருந்து தாய் சிரித்தார்.

"ஒண்டுமில்லை அம்மா."

வேலை முடிந்ததும் நேரே எலோயிசாவிடம் போனாள். கடையில் கூட்டமில்லை. எலோயிசா வாழையிலையில் அவித்த சோளமாவுப் பொதி ஒன்றைப் பிரித்து வைத்து, கிண்ணத்தில் மெஸ்காலும் ஊற்றினாள். துஷாந்தினி எல்லாவற்றையும் சொன்னாள். எலோயிசா அடுப்புப் பக்கம் திரும்பினாள். குசினியில் அவளுடைய புருசன் பாட்டுப் போட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"நான் பொலிசுக்குப் போறன்" என்றாள் துஷாந்தினி. "நீ வராட்டிலும் போறன்."

எலோயிசா கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தாள். அப்படிக் குடித்ததை இவள் அன்றுதான் கண்டாள். பிறகு கோட்டை எடுத்தாள்.

பொலிஸ் நிலையத்தில் இளம் பெண் அதிகாரி ஒருத்தி முறைப்பாட்டை எழுதினாள். அந்தப் பெடியன்களின் பெயர் தெரியுமா என்று கேட்டபோது துஷாந்தினி கோட்டுப் பொத்தானைத் திருகினாள். பயணிகளின் விவரம் வெளியே போனால் வேலை போய்விடும். அது ஒரு பக்கம். சால்வையை இழுத்துவிடுகிற அந்தக் கை கண்ணுக்குள் நின்றது. எலோயிசா மேசைக்குக் கீழே அவள் முழங்காலைப் பிடித்தாள்.

சொன்னாள். பெயரையும், விலாசத்தையும்.

அந்த வியாழக்கிழமை விடியப்புறம், கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு காரை மறித்தார்கள். உள்ளே நிதுசனும் மற்றவனும். பின் இருக்கையில் திரி செருகிய பெற்றோல் போத்தல்கள். தொலைபேசியில் இருந்த "அண்ணை" ஆரென்று இருவரும் வாய் திறக்கவில்லை என்று கேள்வி. எலோயிசாவின் கடை எரியவில்லை. அடுத்த ஞாயிறு பழைய ஆட்கள் எல்லாரும் வந்து நிறைந்து சாப்பிட்டார்கள். துஷாந்தினியும் போனாள். சாப்பாட்டைக் கிளறிவிட்டு மேலே வந்துவிட்டாள்.

பழைய சாரதி சுகமாகி வந்துவிட்டார், அந்த ஓட்டத்தை மாற்றித் தரட்டுமா என்று வேலைக் கந்தோரில் கேட்டார்கள். திடீரென்று மாறினால் ஆருக்கும் சந்தேகம் வரும் என்று யோசித்தாள். அதோடு அந்தக் கிழவியை ஆர் இறக்குவது? வேண்டாம் என்றாள்.

யோகராணியைப் பக்கத்து வீட்டுக்காரர் வாசல்வரை தள்ளிவிட்டிருந்தார். ஒரு கையில்தான் உறை இருந்தது. துஷாந்தினி தன் கையுறையைக் கழற்றி மற்றக் கையில் போட்டுவிட்டாள்.

"ஆரோ என்ர பிள்ளையைக் காட்டிக்குடுத்திட்டினம்" என்றார் யோகராணி. அழுது முடித்த குரல். "அவன் வேலை செய்யிற இடத்து அண்ணைமார் நேற்று வந்தவை. நல்ல மரியாதை. பழங்கள் வாங்கிக்கொண்டு வந்தவை. ஆரெண்டு கண்டுபிடிக்காமல் விடமாட்டம் அம்மா எண்டு சொன்னவை. வீட்டுக்கு ஆர் வந்து போறது, நிதுசன் ஆரோட கதைக்கிறவன் எண்டெல்லாம் விசாரிச்சவை."

துஷாந்தினி நாற்காலியின் பட்டியைக் குனிந்து பூட்டினாள். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எனக்கு இப்ப ஆர் இருக்கு பிள்ளை, உன்னை விட்டால்? உன்னைப் பற்றித்தான் சொன்னனான். தங்கமான பிள்ளை, என்ர மகனும் அவவோட நல்லாக் கதைப்பான் எண்டு. உன்ர பேரையும் கேட்டு வைச்சவை."

ஆஸ்பத்திரி வரைக்கும் யோகராணி கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தார். சிவப்பு விளக்குகளில் துஷாந்தினி பின்னால் வருகிற வாகனங்களைக் கண்ணாடியில் பார்த்தாள். எல்லாம் சாதாரண வாகனங்கள். அவற்றில் எது சாதாரணமில்லை என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வாசலில் இறக்கியபோது யோகராணி அவள் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையும் நீதானே வாறாய்?"

"ஓம் அம்மா" என்றாள். "நான்தான் வாறன்."