பத்தடித் திறப்புக்கு ஐ பீமா, சேனலா? விருதுநகர் கிடங்கிலிருந்து தாயில்பட்டி வரை

தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த வாரத்தில், இரும்பு வாங்க விருதுநகர் போனேன். தாயில்பட்டியில் இருக்கும் என் அக்கா பாக்கியமும், அடுத்த வீட்டில் இருக்கும் அவள் ஓரகத்தி செல்வியும் பட்டாசு வேலையை விட்டுவிட்டார்கள். வேலையில் செல்விக்கு இடது கை வெந்துபோன பிறகு எடுத்த முடிவு அது. துணிப்பை தைக்க நான்கு மிஷின்கள் சொல்லியாயிற்று, போட இடமில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைப் பத்தடி அகலத்துக்கு உடைத்தால் ஒரே கூடமாகிவிடும். ஆனால் மாடித் தளம் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

பழைய இரும்புச் சேனல் ஒன்று இருக்கிறது, அதைத் திறப்புக்கு மேலே செருகிவிடலாம் என்று கொத்தனார் சொன்னாராம். நான் பதினைந்து வருடமாக மதுரையில் இரும்பு ஷெட்டுகளுக்கு வரைபடம் போடுகிறவன். "ஒத்தச் சேனலா? தொட விடாதக்கா. நான் வந்து ஐ பீம் வாங்கித் தாரேன்" என்று போனிலேயே முடித்துவிட்டேன்.

காலை 6.40க்கு மதுரையில் பஸ் ஏறி 7.55க்கு விருதுநகரில் இறங்கினேன். அக்கா எனக்கு முன்பே வந்து காத்திருந்தாள். இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு இரும்புக் கிடங்குக்குள் நுழைந்தோம். "வாங்க, சாப்பிட்டீகளா? எம்புட்டு நீளம் வேணும்?" என்றார் கிடங்குக்காரர். பன்னிரண்டு அடி. திறப்பு பத்தடி, இரு முனையிலும் சுவரில் ஏறி உட்கார ஓரோர் அடி.

அடுக்கி வைத்திருந்த கம்பிகளுக்கு நடுவே அக்காவுக்குப் பாடம் எடுத்தேன். (கேட்காமலே.) ஐ பீமில் மேலும் கீழும் பட்டை, நடுவில் நிற்கும் தகடு. வளைவைத் தாங்குவது பெரும்பாலும் பட்டைகள்தான், அதனால் குறைந்த எடையில் நிறையச் சுமக்கும். 200 மில்லிமீட்டர் உயரத்துக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ. எச் பீமுக்குப் பட்டை அகலம். தூணாக நிறுத்த அருமை, படுக்கப் போட்டால் அதே வலுவுக்கு எடை கூடும். சி சேனலில் நடுத்தகடு ஒரு ஓரமாக இருப்பதால், தனியாகப் போட்டால் சுமையில் திருகும்.

அக்கா குனிந்து ஐ பீமின் பட்டையை விரலால் அளந்தாள்.

"ஏலே, இது நாலு அங்குலந்தான இருக்கு. நம்ம சுவரு ஒம்பது அங்குலம். எங்க தளம் இந்தப் பக்கம் பாதிச் சுவருல உக்காந்திருக்கு. செல்வி வீட்டுத் தளம் நாலு வருசம் கழிச்சுப் போட்டது, அது அந்தப் பக்கம் பாதி. நடுவுல இத வச்சா ரெண்டும் எதுல நிக்கும்?"

எனக்குக் காது சுட்டது. ஒரே தளம் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது அங்குலத் தகட்டை மேலே வெல்டிங் செய்துகொள்ளலாம் என்று சமாளித்தேன்.

"தெருவுக்குப் பின்னாடி காகிதக் குடோன். தீப்பொறியே ஆகாது" என்றாள் அக்கா.

"இங்கனயே செஞ்சு கொண்டுபோனா?"

"அம்புட்டுக் கனத்தோட எங்க சந்துல திரும்புமா?"

கிடங்குக்காரர் சிரித்தபடி இரண்டு 200 சேனல்களைத் தரையில் எதிரெதிராக வைத்தார். முதுகுகள் வெளிப்பக்கம், நடுவில் இடைவெளி, மொத்தம் ஒன்பது அங்குலம். சேனலுக்கு ஒரு தளம். நடுத்தகடுகளில் துளை போட்டு, இடையில் குழாய்த் துண்டு வைத்து நீள போல்ட்டால் முறுக்கினால் ஒன்றையொன்று திருக விடாது. இடைவெளியில் கான்கிரீட். நான் வரைகிறவன்தான், கணக்குப் போடுகிறவர் வேறு. எங்கள் பொறியாளருக்கு அளவுகளை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் சரி என்றார்.

இரண்டும் சேர்ந்து 162 கிலோ, கிலோ 66 ரூபாய். துளைகளை அங்கேயே போட்டுக்கொண்டோம். குட்டியானை வண்டி வாடகை 1,800 ரூபாய். "அஞ்சடி பின்னால நீட்டிக்கிட்டு இருக்கு, மெதுவாத்தான் போவேன்" என்று சிவப்புத் துணி கட்டினார் டிரைவர். சிவகாசி வழியாக 43 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம்.

மறுநாள் எட்டு மணிக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்துவிட்டு, சுவரின் ஒரு பக்கப் பாதியை மட்டும் குடைந்து முதல் சேனலை ஏற்றினோம். அதைச் சுற்றிப் பூசிய சிமென்ட் இறுகிய பிறகே அடுத்த பக்கம். லீவில் இருந்த நான்கு பேர் ஒவ்வொன்றையும் தோளில் தூக்கிச் சந்துக்குள் திருப்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, சேனல்களுக்குக் கீழே இருந்த சுவரை இடித்த பின், முட்டு எடுக்க மறுபடி போனேன். எல்லோரையும் தெருவில் நிற்கச் சொன்னோம். சேனலுக்குக் கீழே நூல் கட்டி, கொத்தனார் ஒவ்வொரு முட்டாகத் தளர்த்தினார். கடைசி முட்டு கையோடு வந்துவிட்டது. நூலுக்கு மேல் ஸ்கேலை வைத்தேன். தாழ்ந்தது இரண்டே மில்லிமீட்டர், பத்தடிக்கு அது ஒன்றுமில்லை.

"எறங்கல தம்பி, நின்னுக்கிடுச்சு" என்றார் கொத்தனார். செல்வி உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். பிறகு அக்காவோடு சேர்ந்து முதல் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு வீடும் சேரும் கோட்டின் மேலேயே போட்டாள். "இங்கனதான் காத்து வருது" என்றாள்.

இதே வேலைக்குப் போகிறவர்களுக்கு: தீபாவளி முடிந்த வாரங்களில் போங்கள், தூக்க ஆள் கிடைக்கும். துளைகளைக் கிடங்கிலேயே போட்டுவிடுங்கள். பட்டாசு ஊரில் வெல்டிங் நினைப்பே வேண்டாம். சந்தின் திருப்பத்தை அளந்துகொள்ளுங்கள். பொறியாளர் பார்க்காமல் சுவரைத் தொடாதீர்கள். ஐ பீம் நல்ல வடிவம், இன்றைக்கும் அதைத்தான் அதிகம் வரைகிறேன். ஆனால் எது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்த வீட்டில் இருப்பவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். நான் கேட்கவில்லை. அக்கா கூட வந்ததால் தப்பித்தேன்.